கட்டிலுக்கு அடியில் இருக்கிற லேசான ஃப்ளைவீல்

எனக்கு எழுத்து கோணல்மாணலாத்தான் வரும். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ. இப்போ மறதியும் சேர்ந்துடுச்சி. முன்னால நடந்தது பின்னால வந்தா பொறுத்துக்குங்க. யார்கிட்டயும் இதை வாயால சொல்ல எனக்குத் தைரியம் வரல. அதான் எழுதுறேன்.

என் மகள் கல்யாணம் வேணாம்னுட்டா. உப்பளம்ங்கிற ஏரியாவுல ஒரு ஆபீசுல வேலை. அவ ஆசைப்பட்டு வாங்கின ஒரே பொருள் ஒரு பழைய சின்ன பெட்ரோல் கார். ரெட்டியார்பாளையத்துல எங்க வீட்டு வாசல்ல அதைக் கொண்டாந்து நிறுத்தி, "மாப்பிள்ளை வந்திருக்காரும்மா, ஆரத்தி எடு"ன்னா. நானும் நெசமாவே எடுத்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை தேங்காய்த்திட்டுல மீன் வாங்கிட்டுத் திரும்பும்போது வண்டிக்குள்ள தீய்ஞ்ச நாத்தம் வந்துச்சி. மீனு கெட்டுப்போச்சோன்னு நான் கூடையை மோந்து பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கல. "மீனு இல்லம்மா, கிளட்ச் போச்சி."

எங்க தெருக் கோடியில இருக்கிற மெக்கானிக்கு, கியர்பாக்ஸை இறக்கினாத்தான் கிளட்சை மாத்த முடியும்னு சொன்னாரு. "இறக்குறதுதான் இறக்குறீங்க, ஃப்ளைவீலையும் மாத்திடலாம்"னா மகள். ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தா போல. எனக்கும் சொல்லிக் கொடுத்தா. எஞ்சினுக்குப் பின்னால ஒரு கனமான இரும்புச் சக்கரம் சுத்துது, அதுதான் ஃப்ளைவீல். அதைத்தான் கிளட்ச் புடிக்குது. சக்கரம் கனமா இருந்தா எஞ்சின் மெதுவா ஏறும், மெதுவா எறங்கும். லேசா இருந்தா கால் வச்ச உடனே பேச்சு கேக்கும். ஆனா சிக்னல்ல நின்னு கெளம்புறப்போ கொஞ்சம் அசந்தா வண்டி ஆஃப் ஆயிடும்.

மெக்கானிக்கு, "பழைய சக்கரத்தையே லேத்துல செதுக்கிடலாமாக்கா?"ன்னு கேட்டாரு.

"வேணாம். அது வார்ப்பிரும்பு. சுத்துறப்போ ஒடஞ்சா என் கால்லதான் வந்து விழும்."

"அப்போ ரேஸுக்காரங்க போடுற கிளட்ச்?"

"அதை மிதிக்க யானைக்கால் வேணும். கிளட்ச் பழைய மாதிரி மெத்துனு இருக்கட்டும். சக்கரம் மட்டும் லேசு."

"பேசாம ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிடேன்க்கா."

"அதுக்கு நான் பஸ்ஸுலயே போவேன்."

அவரு சும்மா சொல்லல. அவ கால் சங்கதி அவருக்கும் தெரியும். அதுக்கு ஆறேழு மாசம் முன்னாலேருந்தே அவ இடது கால் செருப்பு தானா கழண்டு பின்னால நின்னுடும், அவ தெரியாம நடந்து போய்க்கிட்டு இருப்பா. நான் எடுத்துக்கிட்டு ஓடுவேன். நரம்பு நோவு, மெல்ல மெல்ல மேல ஏறும், நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கிளட்ச் மிதிக்கிறதும் இடது கால்தான், ஆட்டோமேட்டிக்ல அது கிடையாது.

புது சக்கரம் வந்தப்போ பழசையும் பக்கத்துல வச்சாங்க. ரெண்டையும் நான் தூக்கிப் பார்த்தேன். பழசு ஏழு கிலோ இருக்கும், புதுசு நாலோ நாலரையோ. புதுசை அவ மடியில வச்சி, தாலி செஞ்சி வந்தா பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தா.

எனக்கு அன்னிக்குத் தூக்கம் இல்ல. நான் மில்லுல நூல் சுத்துற வேலை செஞ்சவ. மெஷினோட பெரிய சக்கரம் மெதுவா கெளம்பினா இழை அறாது. வெடுக்குனு கெளம்பினா வரிசையா அறுந்துபோவும், மேஸ்திரி வந்து ஏசுவாரு. லேசான சக்கரம் வெடுக்குனு இழுக்கும், அந்தக் கால் தாங்காது, நடு ரோட்டுல வண்டி நின்னு பின்னால பஸ் வந்தா என்ன ஆவும்? இதையே சுத்திச் சுத்தி நெனச்சேன். அவகிட்ட கேட்டிருக்கலாம். கேக்கல.

அவ ஆபீசு போனதும் மெக்கானிக்குகிட்டப் போனேன். ஆம்பளைங்க கூட நின்னு பேசறவ இல்ல நான். கடைக்காரர்கிட்ட கூட சீட்டை நீட்டிட்டு நிப்பேன். அன்னிக்கு என்னமோ வாய் வந்துச்சி. "கிளட்ச் புதுசு போடுங்க. சக்கரம் பழசையே போட்டுடுங்க. அவகிட்ட சொல்லாதீங்க."

"அக்காவுக்குத் தெரியாம எப்படி ஆயா? கால்ல மிதிச்சா தெரிஞ்சிடுமே."

"தெரியாது. நீங்க சொல்லாதீங்க." அழுதேன். அவரு தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு.

வண்டி வந்த அன்னிக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சேன். அவ பூ வச்சிக்கிட்டு வந்து உக்காந்தா. சாவியைத் திருப்பி ஆக்ஸிலேட்டரை ஒரு தரம் மிதிச்சிட்டு விட்டா. சத்தம் ஏறி, ஆற அமர எறங்குச்சி. இன்னொரு தரம் மிதிச்சா. அப்புறம் எஞ்சினை நிறுத்திட்டு என்னைப் பார்த்தா.

"நீயாம்மா சொன்ன?"

"உன் காலுக்குத்தான் பாப்பா..."

"காலுக்குன்னுதான் மெத்துனு கிளட்ச் போடச் சொன்னேன். சக்கரம் எனக்குன்னு கேட்டேம்மா." குனிஞ்சி இடது காலைப் பார்த்தா. "இந்தக் கால் இருக்கற வரைக்கும் ஒரு தரம் அந்த மாதிரி ஓட்டிப் பார்த்துடலாம்னு இருந்தேன்."

திருப்பி மாத்தச் சொல்றேன்னு சொன்னேன். "மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கணும். போ, விடு"ன்னா. கோவிச்சிக்கல. கோவிச்சிருந்தா தேவலை. எலுமிச்சம்பழத்து மேல வண்டியை ஏத்தி, உப்பளம் வரைக்கும் என்னைக் கூட்டிப்போய்த் திரும்பினா. எந்த சிக்னல்லயும் வண்டி ஆஃப் ஆகல. நான் நெனச்ச மாதிரியே மெதுவா, நல்லா போச்சி.

அஞ்சு மாசம் ஓட்டினா. அப்புறம் கால் கிளட்சுக்கு ஏறல. அப்புறம் கை. கடைசியில மூச்சி. போயி ரெண்டு வருஷம் ஆவுது.

அந்த லேசான புதுச் சக்கரத்தை அவ தூக்கிப் போடல. எண்ணெய் தடவி, பேப்பர் சுத்தி, என் கட்டிலுக்கு அடியில வச்சிருந்தா. நான் மாசத்துக்கு ஒரு தரம் பிரிச்சி எண்ணெய் போட்டு, திருப்பி சுத்தி வைக்கிறேன். துருப்பிடிக்கக் கூடாதில்ல.

வண்டி விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா, எடையெல்லாம் சரியா எழுதியிருக்கேனான்னு பார்த்துத் திருத்துங்க. கூடவே இதையும் பாருங்க. மெத்துனு இருந்த அந்தக் கிளட்சோட லேசான சக்கரத்தைப் போட்டிருந்தா வண்டி நெசமாவே நின்னு நின்னு போயிருக்குமா? இல்ல, அந்த அஞ்சு மாசம் அவளால ஓட்டியிருக்க முடியுமா? மெக்கானிக்கைக் கேட்டா "விடு ஆயா"ன்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிடுறாரு. கெழவி மனசு நோவுமேன்னு பார்க்காம, உள்ளதைச் சொல்லுங்க.