கேட்டதையே கேட்ட மேக்ரோ

1. மணமேடையில் மானிட்டர்

மேட்டூரில் தண்ணீர் குறைந்திருந்த வருடம். தஞ்சாவூரில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் புரோகிராமர். நன்னிலம் பக்கத்து வாய்க்கால் ஒன்றுக்கு முறைப்பாசன அட்டவணை போடும் வேலை வந்தது. எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதுதான் அட்டவணை. தலைமடையில் மிராசுதார்கள், கடைமடையில் குத்தகைக்காரர்கள். நில வழக்கில் ஏற்கெனவே கோர்ட் வாசலில் முறைத்துக்கொண்டவர்கள். கடைமடையில் சம்பாப் பயிர் வாடிக்கொண்டிருந்தது.

எங்கள் முதலாளி சந்தானம் சாருக்கு லிஸ்ப் மொழி மேல் பக்தி. அடைப்புக்குறிகள் நிறைந்த அந்த மொழியில், நமக்கு வேண்டிய லூப்பை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றை, நாமே மேக்ரோவாக எழுதிக்கொள்ளலாம். நாம் சுருக்கமாக எழுதியதை மேக்ரோ முழு நிரலாக விரித்துக்கொள்ளும். நான் ‘முறை’ என்று ஒன்று எழுதினேன். மடைகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால் முதல் மடையிலிருந்து வரிசையாக நேரம் போடும். ஆபீசில் எட்டு என்று கொடுத்துப் பார்த்தேன். ஒழுங்காக ஓடியது.

இரு தரப்பையும் கூட்டி, ஊர்க் கல்யாண மண்டப மேடையில் வைத்து அட்டவணை போடுவதாக ஏற்பாடு. கிளம்பும்போது சார் சொன்னார்: "எண்ணை நீயே எழுதி வச்சா ஜனங்க நம்பமாட்டாங்கம்மா. மெஷின் கேக்கணும், அவங்க சொல்லணும்."

எட்டை அழித்தேன். அந்த இடத்தில் ‘எத்தனை மடை?’ என்று கேட்டுப் பதில் வாங்கும் குட்டி நிரலை, ஒரு ஃபங்ஷனை, வைத்தேன்.

2. வாயால் வெட்டிய மடை

கல்யாண மண்டபம் முழுக்கக் கரைவேட்டிகள். மாப்பிள்ளை நாற்காலியில் மானிட்டர், பெண் நாற்காலியில் பிரிண்டர்.

திரை ‘எத்தனை மடை?’ என்று கேட்டது. பாசன உதவிப் பொறியாளர் "எட்டு" என்றார். முதல் மடைக்கு நேரம் விழுந்தது. கைதட்டல். அது அடங்குவதற்குள் திரை மறுபடியும் கேட்டது: எத்தனை மடை?

"எட்டுன்னுதானே சொன்னேன்?"

மறுபடி எட்டு அடித்தேன். இரண்டாம் மடை விழுந்தது. மறுபடியும் அதே கேள்வி. சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மெஷின் உறுதி பண்ணிக்குதுங்க" என்றார்.

முதல் நான்கு மடையும் மிராசுதார் கோவிந்தராஜ் தரப்பு நிலங்களுக்கு. நான்காவது விழுந்து கேள்வி வந்ததும் அவர் எழுந்து, "நாலு! நாலுன்னு அடிம்மா!" என்று அதட்டினார். அதட்டிய வேகத்தில் என் விரல் நாலை அடித்துவிட்டது. ‘முறை முடிந்தது’ என்றது திரை.

கடைமடைக் குத்தகைக்காரர்களின் தலைவி செல்லம்மா பாய்ந்து வந்தார். "மண்வெட்டியால மடையை வெட்டித் தண்ணி திருடுவாங்க, பாத்திருக்கேன். வாயாலயே திருடுறதை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்!"

மறுபடி ஓட்டினேன். இந்த முறை என் தோளருகிலேயே நின்று அவரே பதில் சொன்னார். எட்டாவது விழுந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. "ஒம்பது" என்றார். "பத்து" என்றார். இல்லாத மடைகளுக்கெல்லாம் நேரம் விழுந்தது.

"விட்டா முத்துப்பேட்டை கடலுக்கே முறை வைப்பீங்க போலிருக்கே!" என்று கத்தினார் கோவிந்தராஜ்.

"வைப்போம். மீன் உங்கள மாதிரி கேஸ் போடாது!"

பின்வரிசையில் நாற்காலிகள் தலைக்கு மேல் எழும்பின.

3. ஒரே ஒரு கேள்வி

நான் நிரலைத் திறந்து பார்த்தேன். காரணம் புரிந்துவிட்டது. மேக்ரோ எண்ணை வாங்கிக்கொள்ளவில்லை. கேள்வி கேட்கும் ஃபங்ஷனை அப்படியே லூப்பின் நிபந்தனையில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது புதிதாக ஓடி, கடைசியாகச் சொன்ன எண்ணையே எல்லையாக எடுத்துக்கொண்டது. லூப் தொடங்கும் முன்பே பதிலை ஒரு தனிப் பெயரில் பிடித்து வைக்கும்படி மேக்ரோவைத் திருத்தினேன். வேறு எதனோடும் மோதாத பெயரை லிஸ்ப்பே உண்டாக்கித் தரும்.

"இனிமே ஒரு தடவைதான் கேக்கும்" என்றேன்.

தூக்கிய நாற்காலிகள் கீழே இறங்கின. அந்த ஒரு தடவை யார் சொல்வது? கோவிந்தராஜும் செல்லம்மாவும் மேடையேறி, ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். பொறியாளர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். இருவரும் ஒரே குரலில் "எட்டு!" என்றார்கள்.

எட்டு மடைக்கும் நேரம் விழுந்தது. அந்த வாரமே தலைமடைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் மடைப் பலகைகளை இறக்கி அடைத்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போனது, பயிர் பிழைத்தது.

பின்னாளில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் மேக்ரோ எழுதிக் காட்டும்போதெல்லாம் நான் ஒன்றுதான் கேட்பேன்: "இந்த லூப் ஓடிட்டிருக்கும்போது நடுவுல யாராவது பதிலை மாத்த முடியுமா?"

முடியும் என்றால், கட்டாயம் ஒருவர் எழுந்து நின்று மாற்றுவார்.