கலா அடித்த ப்ளஃப்

போன ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையில் முதல் முறையாகப் போக்கரில் ஜெயித்தேன். ஜெயித்த கையோடு அழுதேன்... நம்புவீர்களா?

என் மனைவி கலா நர்ஸ். போன வருடம் அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போனாள். ஹாஸ்டல் தோழிகளிடம் போக்கர் பழகியவள், "நீங்களும் கத்துக்குங்க, போன்ல ஆடலாம்" என்றாள். எத்தனை நாளைக்குத்தான் 'சாப்பிட்டாச்சா' என்றே கேட்டுக்கொண்டிருப்பது?

கற்றுக்கொள்ளப் பக்கத்து வீட்டு மோகனைப் பிடித்தேன். அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை பார்ப்பவர். ஆளுக்கு இரண்டு சீட்டு, ரகசியம். நடுவில் ஐந்து, எல்லோருக்கும் பொது. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கு வெற்றி – அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"அத்த வுடு மாமே" என்றார் மோகன். "எதிராளி மூஞ்சியப் பாரு. கையில ஒண்ணும் இல்லாதவன்தான் ஜாஸ்தி சவுண்டு வுடுவான். அதுக்குப் பேருதான் ப்ளஃப்."

கலாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கசக்குமா? ஆட உட்கார்ந்ததே அதற்குத்தானே!

ஞாயிறு மாலை. மொட்டை மாடியில் அயனம்பாக்கம் ஏரிக் காற்று. போனில், வீடியோ காலில் கலா. காசு கிடையாது, ஆப் தரும் பொம்மைச் சில்லுகள்தான். என்னிடம் ஒரு ஜோடி ஒன்பது. சுமாரான கை. கலாவோ தன் சில்லுகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினாள்.

"இன்னாங்க, பயமா கீதா?" சத்தமாகச் சிரித்தாள். வாய்தான் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

எப்போதும் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்குகிறவன், அன்று "பாத்துடலாம்" என்றேன். அவள் கையில் ஒன்றுமே இல்லை!

"எப்டிங்க கண்டுபுடிச்சீங்க?"

"நீ சிரிச்சத வச்சுத்தான்... கலா, அங்க நெஜமாவே நல்லா கீறியா?"

"சூப்பரா கீறேங்க." அதே சிரிப்பு. பாதியில் உடைந்தது. "டூட்டியில ஒண்ணும் தெரியல. ரூமுக்கு வந்து பூட்டத் தொறக்கறப்போதான்... உள்ள யாரும் இல்லேன்னு தெரிஞ்சும், 'ஏங்க'ன்னு கூப்ட்டுகினே நுழையறேன்."

'வந்துடு' என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் வெளிநாட்டு வேலை அவளுடைய பல வருட ஆசை. விழுங்கிக்கொண்டேன்.

"நீங்க எப்டி கீறீங்க?"

"எனக்கு இன்னா? ஜாலியா கீறேன்."

திரையில் என்னையே பார்த்தாள். "எனக்கும் மூஞ்சி பாக்கத் தெரியுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஆட்டமாவது ஒன்றாவது... இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறாள். கிடைக்குமா, தெரியாது.

அவளைக் கூட்டிவர ஏர்போர்ட் போக நான் கார் சொல்லிவிட்டேன்.