அடியில் துளை போட்ட பெட்டி

கயல்விழி ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள். கவிழ்த்து அடியைப் பார்ப்பாள். பச்சை மண்ணில் விரிசல் விட்டால் அது அடியில்தான் தொடங்கும் என்பாள். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் நாங்கள் வேலை செய்யும் கொட்டகையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டை மறைப்பது எங்கள் வேலை. அவளுக்குப் பக்கத்து மணை என்னுடையது. நான் ஏழாவதோடு நின்றவள். பேச எனக்கு வராது. பார்க்க வரும். அதனால்தானோ என்னவோ, அவள் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் பக்கம் திரும்பமாட்டாள். பொம்மையைத் துடைத்துக்கொண்டே சொல்வாள்.

அவள் கணவர் கொளஞ்சிநாதன் இதே கொட்டகையில் அச்சு செய்தவர். மழைக்கு முன்னால் கூரை ஓடுகளை மாற்ற ஏறியவர் ஓடு உடைந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. கைகள் நன்றாக இருந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போயிற்று. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தவர் வீட்டில் பேசுவதையே குறைத்துவிட்டார். பேசினால் ஒன்றைத்தான் பேசுவார். நீ போய்விடு, உனக்கு வயசிருக்கிறது, பிள்ளை பெற்று வாழவேண்டியவள் என்பார். கயல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரே திட்டக்குடியில் இருக்கும் அவளுடைய அண்ணன் வளவனுக்குப் போன் செய்து, தங்கச்சியைக் கூட்டிப் போகச் சொன்னார். மாசி மகத்துக்கு வரும்போது அழைத்துப் போகிறேன் என்று வளவன் சொல்லிவிட்டார். மகத்துக்கு அதிக நாள் இல்லை.

“அனுப்பறேன்னு சொல்றாரேக்கா, என்னப் புடிக்காம சொல்லல. அவரால ஆவாதுன்னு நெனைக்கிறாரு” என்றாள் கயல்.

புதுச்சேரியில் அவரைப் பார்த்துவந்த டாக்டரம்மாவின் பெயர் ஜெயஸ்ரீ. ஒருமுறை சிறுநீர்க் குழாய் மாற்றப் போனபோது, குழந்தை பற்றி யோசித்தீர்களா என்று அவரே கேட்டிருக்கிறார். ஆணுறுப்பில் அதிர்வு கொடுக்கும் கருவி இருக்கிறது, உணர்ச்சி இல்லாதவர்களுக்கும் அதனால் விந்து வரவைக்கலாம் என்று அவர் சொல்லத் தொடங்கியதுமே, கொளஞ்சி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிவிட்டார். கயல் பாதி வார்த்தையோடு வெளியே வந்தாள்.

அந்தப் பாதி வார்த்தையை வைத்துக்கொண்டு அவளே போனில் தேடினாள். ஆண்கள் தனியாகச் சுகப்படுவதற்கென்று விற்கும் சாமான்கள் வரிசையாக வந்தனவாம். உலகத்தில் இதற்கெல்லாமா கடை இருக்கிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது. அவளுக்கு எதைப் பார்த்து வாங்குவதென்று தெரியவில்லை. படத்தில் மிருதுவாகத் தெரிந்த ஒன்றை வாங்கினாள். தோல் நிறத்தில் உறை போன்றது, உள்ளே சின்ன மோட்டார் வைத்தால் அதிரும். பார்சல் வந்தபோது மாமியார் சொர்ணாம்பாள் என்னவென்று கேட்டார். கழுத்துவலிக்கு மிஷின் என்று சொல்லிவிட்டாள்.

கொளஞ்சி முதலில் அதைத் தொடக்கூட மறுத்தார். பிறகு அவளுக்காக ஒத்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. அவள் தேங்காயெண்ணெய் தடவியதில் உறை பிசுபிசுவென்று ஆகிவிட்டது. எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்றும் தெரியவில்லை. அவருக்கு வலி தெரியாதே. எடுத்துப் பார்த்தால் தோல் சிவந்து கன்றியிருந்தது. புது பொம்மையில் விரிசல் பார்க்கிற கண் அவளுடையது, அதனால் உடனே தெரிந்தது. இல்லாவிட்டால் புண்ணாகியிருக்கும்.

கழுவுவது சுலபம், காயவைப்பதுதான் கஷ்டம் என்றாள். இருப்பது ஒரே அறை. கொடியில் போட முடியாது. ஈரத்தோடு துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தாள். இரண்டாம் முறை எடுத்தபோது உள்பக்கம் கரும்புள்ளி பூத்திருந்தது. தேய்த்துக் கழுவிவிட்டு, மோட்டாரை வீட்டில் வைத்துவிட்டு, உறையை மட்டும் துணியில் சுற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள்.

எங்கள் ஊரில் எது ஈரமானாலும் சூளைமேல்தான் வைப்போம். சூடு இறங்கிக்கொண்டிருக்கும் சூளையின் மேல் செங்கல்லில் முந்தானை காயும், ஸ்பாஞ்ச் காயும், மழை நாளில் பிள்ளைகளின் ஸ்கூல் பையும் காயும். சோறு சூடாகும். அவளும் பழக்கத்தில் வைத்துவிட்டாள். அன்று சூளை ஆறியிருக்கவில்லை.

சூளை பார்க்கும் குருமூர்த்தி அண்ணன் மதியம் ஒரு குறட்டில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார். பாதி உருகிச் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. மீதிப் பாதியைப் பார்த்தால் அது என்ன என்று கல்யாணமான யாருக்கும் தெரியும்.

“யாருது இது? கல்லுல அப்பிக்கினு நாறுது.”

சூளைக்குப் பொருள் ஏற்றும் பிரபா சிரித்தாள். “ஜவ்வுமிட்டாயின்னு பாத்தேன். வூட்டுக்காரரு துபாய்ல இருக்கறவங்களுக்குத்தான் இந்த மாதிரி சாமானெல்லாம் கெடைக்கும். இன்னா ஜைத்தூன், போன மாசம் பொட்டி வந்துதே, அதுல வந்துதா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜைத்தூன் பீவி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்துவிட்டது. அவள் இல்லை என்று சொன்னாலும் சிரிப்பார்கள், சொல்லாவிட்டாலும் சிரிப்பார்கள். கயலின் கை என் பக்கத்தில் ஸ்பாஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் மணையில் சொட்டியது. பேசாமல் இருந்தால் அவள் தப்பித்திருப்பாள்.

அவள் எழுந்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அது என்னுதுண்ணே. எங்க வூட்டுக்காரருக்கு வாங்கனது. அவருக்கு இடுப்புக்குக் கீழ தெரியாதுல்ல, அதுக்கு வைத்தியம். வூட்ல காயவைக்க எடமில்லன்னு இங்க வச்சேன்.”

நான் கோயிலில் தேர் நகரும்போது கூட்டம் ஒரு கணம் அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி நின்றது கொட்டகை. அத்தனை பேர் முன்னால் கணவனின் உடம்பைப் பற்றி ஒரு பெண் குரல் நடுங்காமல் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிரபா தலையைக் குனிந்துகொண்டாள்.

குருமூர்த்தி அண்ணன் குறட்டைக் கீழே வைத்தார். அவர் கேட்டது இதுதான்.

“ரப்பர் சாமானப் போயி சூளை மேல வைப்பாங்களா கயலு? கைய கிய்ய சுட்டுக்கினியா?”

இல்லை என்று தலையாட்டினாள். அவர் அதைப் பழைய துணியில் சுற்றி, உடைந்த ஓடுகள் கொட்டும் குழிக்குக் கொண்டுபோனார். ஜைத்தூன் பீவி தன் பாட்டிலை எடுத்துக் கயல் பக்கம் நகர்த்திவைத்தாள். கயல் தண்ணீர் குடித்தாள். பிறகு எல்லோரும் வேலை செய்தோம்.

ஊர் வாய் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று அன்று சாயங்காலமே கயல் கணவரிடம் சொன்னாள். திட்டுவார், அல்லது பேச்சை நிறுத்துவார் என்று நினைத்தாளாம். அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

“சூளை மேல எந்த எடத்துல வச்ச?” என்று கேட்டார்.

“பொகைக்கூண்டு பக்கம்.”

“அங்கயா? அங்க பீங்கானே உருகுமேடி.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்று மறுநாள் சொன்னாள். மகத்துக்கு முன்னால் ஒருதரம் டாக்டரம்மாவிடம் முழுசாகக் கேட்டுவிடுவோம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நாற்காலியைத் தூக்கி ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா என்னையும் உட்காரச் சொன்னார். நான் சுவரோரம் நின்றேன். அவர் மளிகைச் சாமான் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார். மிருதுவாக இருக்கிறது என்று பார்த்து வாங்கக் கூடாது, அந்த மலிவான ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், அழுக்கும் கிருமியும் உள்ளே போய்த் தங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. துளையில்லாத சிலிக்கான் நல்லது. கயல் உடனே, பளபளப்புக்குப் பூசும் கிளேஸ் போடாத சட்டி எண்ணெய் குடிக்கிற மாதிரி என்றாள். அதேதான் என்று டாக்டரம்மா சிரித்தார். எண்ணெய் வேண்டாம், தண்ணீரில் கரையும் வழவழப்புப் பசை போதும். கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, தோலைப் பார்த்து, ஓய்வு விட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டும். தலை வலித்தாலோ முகம் வியர்த்தாலோ உடனே நிறுத்த வேண்டும், முதுகில் அடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும், அதனால் முதல்முறை ஆஸ்பத்திரியில்தான். முடிந்ததும் மோட்டாரில் தண்ணீர் படாமல் முனையை இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் வாசனையில்லாத சோப்பிலும் கழுவ வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் உயிரணு செத்துப்போகும், நன்றாக அலச வேண்டும். பிறகு காற்றில் முழுக்கக் காய வேண்டும்.

“காய்றதுதான் எங்களுக்குக் கஷ்டங்க” என்றாள் கயல். கொளஞ்சி அவளைப் பார்த்தார்.

பிறகு அவர்கள் இருவரையும் உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளேயிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின் விட்டு விட்டுக் கத்துவது கேட்டது. கதவு திறந்து நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கயலைக் கூப்பிட்டார்கள்.

அவள் வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“மொய்க்குதுக்கா. பூதக்கண்ணாடில பாத்தேன். அத்தனையும் உசுரு. துள்ளிக்கினு, ஒண்ண ஒண்ணு இடிச்சிக்கினு ஓடுது. செத்துப்போன ஒடம்புன்னாரே, அதுக்குள்ள இருந்து வந்துதுக்கா.”

கொளஞ்சியும் பார்க்க வேண்டும் என்றார். மைக்ராஸ்கோப் இருந்த மேசை நாற்காலிக்கு உயரமாக இருந்தது. சோதனை அறைப் பெண் அதைத் தூக்கி ஒரு ஸ்டூலில் இறக்கிவைத்தாள். அவர் குனிந்து கண்ணை வைத்தார். கதவிடுக்கு வழியாக அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு வெகுநேரம் அசையவில்லை. வேறு யாரோ காத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொல்லவேண்டியிருந்தது. இந்த ஊரில் மண் சாம்பலாகாமல் சூளையிலிருந்து வெள்ளையாக வெளியே வருவதை நான் தினமும் பார்க்கிறேன். அன்று எனக்கு வந்த பிரமிப்பு அதில்கூட வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த கருவியோடு திரும்பினோம். வடலூரில் டீ குடிக்க வண்டி நின்றபோது கொளஞ்சி, கயலிடம், நாளைக்கு வரும்போது அச்சில் ஊற்றும் வார்ப்பு மண் இல்லை, கையால் பிசைகிற மண் கொஞ்சம் எடுத்து வா என்றார்.

மாசி மகத்தன்று வளவன் வந்தார். அவர் கொண்டுவந்த பெரிய பையில் ஒன்றுமில்லை, தங்கச்சியின் துணிகளை வைத்துப் போகக் கொண்டுவந்தது அது. நான் கயலோடு கோயிலுக்குப் போக வந்திருந்தேன். கொளஞ்சி நாற்காலியின் குறுக்கே பலகை போட்டு, அதில் மண்ணை வைத்துப் பெட்டி ஒன்று செய்துகொண்டிருந்தார். அடியில் கம்பியால் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா மாப்ள, பொட்டிக்கு அடியில ஓட்ட போடறீங்க? வைக்கறதெல்லாம் கொட்டிப்பூடாது?” என்றார் வளவன்.

“காத்து போவணும் மச்சான்.”

வளவன் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பொழுதோடு கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்றார். கொளஞ்சி துளையில் ஒட்டியிருந்த பிசிறை ஊதினார்.

“போன்ல நான் சொன்னத வுட்டுடுங்க மச்சான்.”

“ஏன், கால் வந்துடுச்சா?”

“கால் அப்படியேதான் இருக்குது. இதுக்கு மூடி செய்யணும். மூடி வெளிம்பத் தொடைக்க அவள வுட்டா ஆளில்ல.”

வளவன் தங்கச்சியைப் பார்த்தார். கயல் ஸ்பாஞ்சை நனைத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் போய்க் கீழே உட்கார்ந்தாள். சொர்ணாம்பாள் வளவனுக்குச் சாப்பாடு போட்டார். அவர் சாப்பிட்டுவிட்டு வெறும் பையோடு போனார்.

பெட்டி காய்ந்ததும் நான்தான் கொட்டகைக்கு எடுத்துப்போனேன். சூடு சீராக இருக்கும் நடுத்தட்டில் குருமூர்த்தி அண்ணன் அதற்கு இடம் விட்டார். கிளேஸ் போட்டு இரண்டாம் சூடு முடிந்து வெளியே வந்தபோது பால் வெள்ளையாக இருந்தது. உள்ளே கழுவிய கருவி நின்று காய ஒரு சின்னக் கம்பம், அடியிலும் மூடி ஓரத்திலும் துளைகள். கயல் வழக்கம்போல முதலில் கவிழ்த்துப் பார்த்தாள். துளைகள் வழியாக வெளிச்சம் அவள் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

“வெரிசல் இல்லக்கா” என்றாள்.

குழந்தை இன்னும் ஆகவில்லை. டாக்டரம்மா சொல்கிற நாட்களில் முயற்சி செய்கிறார்கள், நேரமாகும் என்று அவரும் சொல்லியிருக்கிறார். கொளஞ்சி இப்போது வீட்டிலிருந்தே கொட்டகைக்கு அச்சு செய்து கொடுக்கிறார். பெட்டியை அவர்கள் தகரப் பெட்டிக்குப் பின்னால் மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். சொர்ணாம்பாள் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது அவர் வீடு பெருக்கிக்கொண்டிருந்தார். பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை. முந்தானையால் தூசியைத் துடைத்து, ஜன்னல் மாடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

“காத்து வர்ற எடத்துல இருக்கட்டும்” என்றார்.