காற்றுக் குழாய்க்குள் கட்லட்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். அந்த மனேஜருக்காக நான் ஏன் ஒரு பேனையைத் திறக்கவேண்டும் என்று மூன்று நாள் படுத்துக்கிடந்தேன். பிறகு, திட்டுவதற்காவது திறக்கலாமே என்று தோன்றியது.

தொண்ணூறுகளின் கடைசி. நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரத்தில், எரிவாயுக் குழாய் பூட்டும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் வேலை செய்தேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பாதி வழியிலேயே ஒத்துவராமல் போய்விட்டது. முதலாளி என்னைப் பயிலுநராகப் பதிந்தால்தான் ஒருநாள் எனக்கும் லைசென்ஸ். அதற்கான படிவம் அவருடைய வான் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. "இந்த வீட்டு வேலை முறைப்பாடு இல்லாமல் முடியட்டும், கையெழுத்து வைக்கிறேன்" என்றார்.

வீடு பிளாட் புஷ்ஷில். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் பாங்க் மனேஜராக இருந்தவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் இரண்டு தரம் அதைச் சொல்லிவிட்டார். இந்த ஊரில் குளிர்ந்தால் ஆட்கள் இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார்கள். இவருக்கு அது போதாது. லண்டனில் தம்பி வீட்டில் பொயிலர் இருக்கிறதாம், சுவருக்குச் சுவர் சூடு வருகிறதாம். ஆகவே இவருக்கும் வேண்டும்.

பொயிலர் எரியக் காற்று வேண்டும். வீட்டுக்குள் நாம் மூச்சுவிடும் காற்றை அது தின்னக்கூடாது என்பதற்காக, சுவரைத் துளைத்து வெளியிலிருந்து ஒரு குழாயால் காற்றை எடுப்போம். இன்னொரு குழாய் புகையை வெளியே தள்ளும். முதலாளி பக்கச் சுவரில் இரண்டு வட்டம் கீறிவிட்டு, ஈஸ்ட் டாமாக்கியில் வேறு வேலைக்குப் போனார். அவர் போனதும் மனேஜர் வந்தார்.

"தம்பி, ரோட்டால போற சனத்துக்குக் குழாய் தெரியக்கூடாது. பின்பக்கம் கொண்டுபோம்."

"முதலாளி இங்கதான் கீறினவர், ஐயா."

"லண்டனில என்ர தம்பி வீட்டில பின்னுக்குத்தான்."

"அப்ப லண்டன் காத்தையே இழுத்துவிடட்டே?"

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பையும் பாங்க் வேலையோடு சேர்த்து ராஜினாமா செய்துவிட்டார் போலும்.

பின்பக்கத்தில் சுவரோடு ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு. அதற்குள் சிலிண்டரோடு ஒரு காஸ் அடுப்பு. வீட்டுக்குள் வாசம் ஏறாமல் எங்கள் ஆட்கள் மீனும் மிளகாயும் அங்கேதான் காய்ச்சுவார்கள். மனேஜரின் மனைவி அப்போது கஹவாய் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல சாப்பிடுங்கோ தம்பி. குழாய் எங்க ஓடப்போகுது?"

நின்றபடியே நாலு துண்டு தின்றேன். வாய் நிறைய மீனோடு யாருடனும் வாதாட முடியாது. பின்சுவரிலேயே துளைத்தேன். காற்றுக் குழாய் புகைக் குழாயிலிருந்து தள்ளி இருக்கவேண்டும் என்பது சட்டம். தள்ளித் தள்ளி, சாய்ப்பின் மூலைக்கே கொண்டுபோய் வைத்தேன்.

முதலாளி திரும்பி வருவதற்குள் அந்த அம்மா அடுப்பைத் துடைத்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டார். வெள்ளைக்காரர் வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் ஒளிவது பின்னடுப்புத்தான். முதலாளி இடம் மாறியதற்கு முறைத்தார். பிறகு நாடா பிடித்து அளந்தார். எல்லாம் சரி. விரிப்பைக் காட்டி என்னவென்று கேட்டார்.

"பார்பிகியூ" என்றேன், முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டு.

"கோடையில்தானே தேவைப்படும்" என்று விட்டுவிட்டார்.

ஆறு வாரம் போனது. மனேஜர் தன் வீட்டுச் சூட்டைக் காட்ட ஒரு ஜெபக்கூட்டம் வைத்தார். சபை முழுவதற்கும் கட்லட்டும் ரோல்ஸும் அந்தச் சாய்ப்பில் இரண்டு நாள் பொரிந்தன. முதல் பாட்டு முடியுமுன் பொயிலர் நின்றது. அழைப்பு வந்து முதலாளியும் நானும் போனபோது சனம் கோட்டோடு குந்தியிருந்து ஜெபித்தது. மனேஜர் மட்டும், லண்டனுக்குத் துரோகம் செய்யக்கூடாதென்று, ஷேர்ட்டோடு நடுங்கிக்கொண்டு நின்றார்.

முதலாளி காற்றுக் குழாயின் வலைமூடியைக் கழற்றினார். எண்ணெயும் மிளகாய்த் தூளும் கட்லட்டில் பிரட்டும் ரஸ்குத் தூளும் சேர்ந்து சிவப்பாக அப்பியிருந்தன. முகர்ந்து பார்த்து மூன்று தரம் தும்மினார்.

"பார்பிகியூ?" என்றார்.

வான் வண்டிக்குப் போனதும் என் படிவத்தை எடுத்தார். கையெழுத்து வைக்கவில்லை. அந்த வலைமூடியை அதில் சுற்றி என் மடியில் போட்டார்.

அறைக்கு வந்து, என்னோடு தங்கியிருந்த நண்பனிடம் கொட்டித் தீர்த்தேன். அந்த அம்மா கட்டித்தந்த கட்லட்டை அவன் தின்றுகொண்டிருந்தான்.

"மனேஜராம் மனேஜர்! காத்து வாற வாயில தாச்சியை வச்சுப் பொரிக்குதுகள். மண்டைக்குள்ள என்ன இருக்கு? என்ர லைசென்சில மண்ணைப் போட்டிட்டான்ரா மனுசன்!"

அவன் விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நீ அண்டைக்கு எந்த அடுப்படியில நிண்டு மீன் திண்டனி எண்டதையும் சேத்துச் சொல்லன்ரா."