சன்னலைச் சாத்திய புதன்கிழமை

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. பாசாரில் மீன்காரன் சத்தியமே செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். அதனால், எங்கள் பெண்கள் பள்ளியின் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை ஒரு தடித்த புத்தகத்தை என் கையில் வைத்து, "ஆறாம் ஸ்டாண்டர்டுக்கு ஐரோப்பியச் சங்கீதத்தின் பழைய சரித்திரத்தை நீதான் நடத்த வேண்டும்" என்றபோது, இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பியானோ வாசிக்கத் தெரிந்த வெள்ளைக்காரிகள் இரண்டு பேர் பள்ளியில் இருக்கும்போது, ஆர்மோனியத்தைத் தவிர வேறொன்றும் தொட்டறியாத தமிழச்சி எதற்கு? அந்த இருவரும் தட்டிக்கழித்த வேலை அது என்று பிறகு தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் வகுப்பு. முந்தின நாள் நான் படிப்பதுதான் மறுநாள் பிள்ளைகளுக்குப் பாடம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே அங்கே கிறிஸ்தவ மடத்துச் சாமியார்கள் வாத்தியம் இல்லாமல், எல்லாரும் ஒரே குரலாகப் பாடினார்கள். குரல் ஏறுகிற இடத்தில் எழுத்துக்கு மேலே ஒரு கீறல், இறங்குகிற இடத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான் அவர்களுடைய சங்கீத எழுத்து. அந்தக் கீறல்களைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். வகுப்பில் இருந்த ஒரே முஸ்லிம் பெண் எழுந்தாள். சூலியா தெருவில் கைலிக்கடை வைத்திருந்தவருடைய மகள், பன்னிரண்டு வயது.

"டீச்சர், நாங்க வீட்ல ஓதுறதுலயும் எழுத்துக்கு மேல இப்படிக் குறி இருக்கு. எங்க நீட்டணும், எங்க நிறுத்தணும்னு."

என்ன பிள்ளை! அப்படியே அள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அடுத்த நொடியே பயம் வந்துவிட்டது. "சரி, உக்காரு. இதையெல்லாம் வீட்ல போயி சொல்லிக்கிட்டிருக்காத" என்றேன்.

பயப்படக் காரணம் இருந்தது. அவர்கள் தெருவிலிருந்து இங்கிலீஷ் பள்ளிக்கு வந்த முதல் பெண் அவள். சேர்க்க வந்த அன்றே அவள் தகப்பனார் கறாராகச் சொல்லியிருந்தார்: "வேதக்காரங்க சர்ச்சுப் பாடம் ஏதும் நடத்துனா பிள்ளைய நிறுத்திருவேன் டீச்சரம்மா. தெருமுனைச் சூராவுல தொழ வர்ற பெரியவங்ககிட்ட அப்படி வாக்குக் குடுத்துட்டுத்தான் அனுப்புறேன்." நான் நடத்துவதோ மடத்துச் சாமியார் பாட்டு. யாராவது ஒரு வார்த்தை திரித்துச் சொன்னால் போதும், அவள் படிப்பு அதோடு சரி.

அதற்கடுத்த புதன்கிழமை, வகுப்புச் சன்னலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தேன். அவளுடைய தகப்பனார்தான். மகள் உட்கார்ந்திருந்தது எதிர்ப்பக்கம், அவளுக்குத் தெரியவில்லை. ஆரம்பத்திலிருந்து மணி அடிக்கும்வரை நின்றார், போய்விட்டார். அடுத்த வாரமும் அதே நேரம், அதே இடம். கேட்டில் காவல் இருக்கும் ஜாகாவைக் கேட்டால், "தினமும் இல்லை, புதன்கிழமை மட்டும்" என்றார். மற்ற நாளெல்லாம் விட்டுவிட்டு என் பாடத்துக்கு மட்டும் வருகிறார் என்றால் என்ன அர்த்தம்? குற்றம் பிடிக்க வருகிறார். போய் "என்னண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் புத்தி அப்படிப் போகவில்லை.

மூன்றாவது புதன்கிழமை கைப்பாடம். அந்தக் காலத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்கள் இடது கையின் விரல் கணுக்களில் சுரங்களை வைத்துப் பழக்கினார்கள். கட்டைவிரல் நுனியில் ஆரம்பித்துக் கை முழுக்கச் சுற்றிவரும். வாத்தியார் கணுவைத் தொட்டுக் காட்டினால் பிள்ளைகள் அந்தச் சுரத்தைப் பாட வேண்டும். எங்கள் பிள்ளைகளும் இடது உள்ளங்கையை விரித்து, கணுக்கணுவாகத் தொட்டு, வாய்க்குள் முனக ஆரம்பித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது பேர் விரல்விட்டு ஜெபம் எண்ணுகிற மாதிரியே இருந்தது! மரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். நேரே போய்ச் சன்னலைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். 'பாருங்களேன் இப்போது' என்று மனசுக்குள் ஒரு திருப்தி வேறு.

அடுத்த நாளே அவள் வரவில்லை. திங்கட்கிழமையும் வராமல் போகவே, பள்ளி விட்டதும் சூலியா தெருவுக்குப் போனேன். கைலி மடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து முக்காலியைப் போட்டார்.

"வாங்க டீச்சரம்மா. தேத்தண்ணி சொல்றேன்."

"தேத்தண்ணி இருக்கட்டும். பிள்ளைக்கு என்ன?"

"நல்லா இருக்கு. இனிமே வராது."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியும்ண்ணே! நிறுத்துறதுக்குச் சாக்குத் தேடித்தானே வாரா வாரம் வந்து நின்னீங்க?"

"சாக்குத் தேடி இல்ல, சாட்சி சொல்ல வந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. "பாட்டுங்கிற பேர்ல வேதம் சொல்லித் தர்றாங்கன்னு சூராவுல பேச்சு. நானே போயி என் காதால கேட்டுட்டு வந்து சொல்றேன்னேன். ரெண்டு வாரம் கேட்டேன். பழைய கதைதான், ஒரு தப்பும் இல்லன்னு சபையில சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. மூணாவது வாரமும் முழுசாக் கேட்டியான்னாங்க. கேக்காதத கேட்டேன்னு எப்படிச் சொல்றது?"

நான் கையை விரித்தேன். கட்டைவிரலிலிருந்து ஒவ்வொரு கணுவாகத் தொட்டு, கடைக்குள்ளேயே முழுப் பாடத்தையும் சொன்னேன். கவனமாகப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்ண்ணே. இப்ப போயி சொல்லுங்களேன்!"

"டீச்சர் கடைக்கே வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்கம்பாங்க. அன்னைக்கு நின்னு கேட்டதுதான் சாட்சி." கைலியை மடித்து வைத்தார். "சன்னல ஏன் சாத்துனீங்க டீச்சரம்மா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "உங்கள நம்பலண்ணே" என்றேன்.

"பெரியவங்களும் அதத்தான் கேட்டாங்க. டீச்சர் உன்ன நம்பி ஒரு சன்னலத் திறந்து வைக்கல, நீ எத நம்பிப் பிள்ளைய விட்டுவச்சிருக்கன்னு." மாடிப்படியைக் காட்டினார். "மேலதான் இருக்கு. வாப்பாதான் நிறுத்திட்டாருன்னு என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குது. நீங்க போயி பாருங்க."

படி ஏறினேன். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது. "வாப்பாகிட்ட நீங்க சொல்லுங்க டீச்சர்! நீங்க சொன்னா கேப்பாரு!"

அவர் வெளியே நின்றது, எதற்காக நின்றார், நான் என்ன நினைத்துச் சன்னலைச் சாத்தினேன், எல்லாவற்றையும் சொன்னேன். "உன் படிப்பு நின்னது அவரால இல்லம்மா, என்னாலதான்."

என்னையே பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, "வாப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.