எண்ணெய் இல்லையாம்

பேய், குறின்னு யாராவது ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுவேன். முப்பது வருஷம் மிஷின்கூட இருந்தவன், எது நின்னாலும் அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு தெரிஞ்சவன். இதை ஏன் சொல்றேன்னா, இது என் பொண்டாட்டி மல்லிகாவுக்கு நடந்தது, அவ பொய் சொல்ல மாட்டா. நம்பறது உங்க இஷ்டம்.

எழுபத்தெட்டாம் வருஷமோ எழுபத்தொம்பதோ, தட்டாஞ்சாவடியில ஒரு ஐஸ் கம்பெனியில கம்ப்ரஸர் ஆபரேட்டரா இருந்தேன். அமோனியா மிஷின், படுத்த எருமை மாதிரி பெருசு. அதுக்கு உசுரே எண்ணெய்தான். அடித்தொட்டியில எண்ணெய் நிக்கும், ஒரு சின்ன பம்ப் அதை இழுத்து, சுத்துற தண்டுக்குள்ள இருக்கற ஓட்டை வழியா ஒவ்வொரு பேரிங்குக்கும் தள்ளும். கொஞ்சம் எண்ணெய் கேஸோடயே பொகை மாதிரி வெளிய ஓடிடும், அதை வழியில ஒரு இரும்பு உருளை பிடிச்சி வச்சி திரும்ப தொட்டிக்கே அனுப்பும். எண்ணெய் நின்னுபோனா தண்டு இறுக்கிக்கும், அப்புறம் எது உடைஞ்சி எங்க பறக்கும்னு சொல்ல முடியாது, அமோனியா வெளிய வந்தா கண்ணும் போச்சி மூச்சும் போச்சி. அதனால மணிக்கு ஒருக்கா தொட்டியில பதிச்ச கண்ணாடியில எண்ணெய் மட்டத்தையும், எண்ணெய் அழுத்தம் காட்டற மீட்டர் முள்ளையும் பாத்து எழுதி வைப்பேன்.

மல்லிகாவுக்கு ஆறு வயசுல ஜொரம் வந்து ரெண்டு காதும் போயிடுச்சி. பேசுவா, நம்ம உதட்டைப் பாத்துப் புரிஞ்சிக்குவா. கல்யாணமாகி ரெண்டு வருஷம், நெல்லித்தோப்புல ஒரே ஒரு ரூம், ஆனா சந்தோஷமா இருந்தோம். தெனம் மத்தியானம் சோறு கொண்டாந்து வாசல்ல நின்னு கை ஆட்டுவா. அமோனியா வாடை அவளுக்கு ஆகாது, உள்ள வரவே மாட்டா.

அன்னிக்கி நேரா உள்ள வந்துட்டா. தூக்குச்சட்டிய கீழ வச்சிட்டு, என் சட்டையைப் பிடிச்சி, "எண்ணெய் இல்லையாம்"னா. வீட்டுல தீந்துபோச்சின்னு நெனச்சி, சாயங்காலம் வாங்கியாறேன்னேன். இல்லன்னு தலையாட்டி மிஷினைக் காட்டினா. யாரு சொன்னதுன்னு கேட்டேன்.

"பேர் சொல்லிக் கூப்ட்டு சொன்னாங்க. எனக்குக் காது கேட்டுச்சி."

பதினாலு வருஷமா ஒரு சத்தமும் கேக்காதவ சார். மூஞ்சி வெளுத்துப்போயிருந்துச்சி.

அவ மனசு ஆறட்டும்னு மீட்டரைக் காட்டினேன், முள்ளு சரியாத்தான் நின்னுச்சி. கண்ணாடியிலயும் பாதி மட்டம். பாத்துக்கோன்னு விரலால மீட்டரை ஒரு தட்டு தட்டினேன், முள்ளு சடக்குனு கீழ விழுந்துடுச்சி. மிஷினை நிறுத்தி வால்வை மூடிட்டு, பக்கத்து ரூம்ல ஐஸ் பார் ஏத்திக்கினு இருந்த நாலு பேரையும் அவளையும் வெளிய அனுப்பிட்டேன்.

சாயங்காலம் கேஸை வெளியேத்தி, மூடியைக் கழட்டிப் பாத்தா தொட்டியில ஒரு டம்ளர் எண்ணெய்கூட இல்ல. அந்த இரும்பு உருளைக்குள்ள எண்ணெயைத் திருப்பி விடற மிதவை சிக்கிக்கினு, போன எண்ணெய் பூரா அங்கியே நின்னுடுச்சி. கண்ணாடியில நான் மட்டம்னு பாத்தது பழைய கறை. பேரிங் கருக ஆரம்பிச்சிருந்துச்சி, இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா அவ்ளோதான். இதுக்கெல்லாம் காரணம் இருக்கு, ஒத்துக்கறேன். முதலாளி வீடு தேடி வந்து அவ கையில ஒரு புடவை குடுத்துட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் அவளுக்கு எதுவும் கேக்கல, அதுல அவளுக்கு வருத்தமும் இல்ல. ரெண்டு புள்ளைங்களை வளத்து ஆளாக்கினோம், ஒரு வீடு கட்டினோம், ஒரு குறையும் இல்லாம நல்லாத்தான் இருக்கோம்.

யாரு குரலுன்னு அன்னிக்கே கேட்டேன். தெரியல, யாரோ வயசான ஆம்பளைன்னு சொல்லிட்டு, அந்தாளு கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டுக் காட்டினா. "மல்லி"ன்னு ஆரம்பிச்சி, நடுவுல மூச்சு வாங்கி, ரெண்டு இருமல், அப்புறம் "கா". எங்க சனத்துல அப்படிக் கூப்புடறவங்க யாருமே இல்ல, நானும் அதை அப்படியே விட்டுட்டேன்.

எனக்கு இப்ப ரெண்டு வருஷமா மூச்சு இழுப்பு. போன வாரம் அவ தோட்டத்துல துணி காயப்போட்டுக்கினு இருந்தா, கேக்காதுன்னு தெரிஞ்சும் பழக்கதோஷத்துல கூப்பிட்டேன். "மல்லி"ன்னதும் மூச்சடைச்சி, ரெண்டு தரம் இருமி, "கா"ன்னு முடிச்சேன்.

முதுகு காட்டி நின்னவ, துணிய அப்படியே போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா சார்.