சுவரைப் பார்த்து நின்று வாங்கிய பெடல்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். பாசஞ்சர் ரயிலில் இரண்டு மணி நேரம். 1998-இல் ஒரு சனிக்கிழமை காலை நானும் செல்வினும் ஆளுக்கொரு ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தோம். எங்கள் மெல்லிசைக் குழுவின் இரண்டு கிட்டார்காரர்கள் நாங்கள்தான். கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் பெடல் ஒன்று வாங்கக் கிளம்பியிருந்தோம். குழுவிடம் ஒன்று வாங்கத்தான் பணம் இருந்தது. நான் பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டு வாசிப்பவன். எனக்கு ஓவர்டிரைவ் என்ற வகை வேண்டும். ஒவ்வொரு ஸ்வரமாக இழுத்து வாசிக்கும் செல்வினுக்கு ஃபஸ் என்ற வகை. எது வருகிறதோ, அதற்குரியவன் கோயில் கொடைத் திருவிழா மேடையில் முன்னால் நிற்பான். அந்த இடத்தின் மேல் இருவருக்குமே கண்.

பத்து மணிக்குத் திருவனந்தபுரத்தின் தம்பானூர் நிலையத்தில் இறங்கிப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தோம். பிள்ளையாருக்கு நான் ஒரு தேங்காய் உடைத்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற செல்வினும் ஒன்றை வாங்கி ஓங்கி எறிந்தான்.

“உனக்கு என்னடே வேண்டுதல்?”

“ஒண்ணுமில்லலே. சத்தம் நல்லாருந்துச்சு, அதான்.”

ஆரியசாலைச் சந்தில் கீழே மிளகாய் மொத்த வியாபாரம், மாடியில் இசைக்கருவிக் கடை. தும்மிக்கொண்டே படியேறினோம். வலியசாலை அக்ரஹாரத்துக்காரரான கடைக்காரர் இரண்டு பெடல்களை எடுத்து வைத்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

“ரெண்டும் ஆயிரத்தெண்ணூறாக்கும். கேட்டு நோக்கிட்டு எடுத்தா மதி.” கேட்டுப் பார்த்து எடுத்தால் போதுமாம்.

பளபளப்பில் கண் மயங்கிவிடும் என்பதால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வாசிப்பான், மற்றவன் சுவரைப் பார்த்து நின்று கேட்பான். சுவரைப் பார்த்தவன் சொன்னதே முடிவு. அன்று சுவர் என் பங்குக்கு வந்தது.

முதல் பெடலில் கார்டுகள் தெளிவாக, சூடாக வந்தன. ஓவர்டிரைவ்தான், சந்தேகமில்லை. இரண்டாவதான ஃபஸ்ஸில் கார்டு குழைந்த சோறாகிவிட்டது. அப்புறம் செல்வின் ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்து இழுத்தான். அழுது ஓய்ந்த ஒருவர் தொண்டை கட்டிய குரலில் பாடுவது போலிருந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ‘முதலாவது’ என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கப் போவதில்லை.

“ரெண்டாவது,” என்றேன்.

“மறுபடி கேளுலே. இதுல உனக்கு ஒண்ணும் வாசிக்க முடியாது.”

“சொன்னாச்சு. பில் போடச் சொல்லு.”

இன்று சென்னையில் என்னிடம் ஏழெட்டுப் பெடல்கள் இருக்கின்றன. எல்லாம் கம்ப்யூட்டரில் படம் பார்த்து, ஊர்பேர் தெரியாதவர்கள் வாசித்ததைக் கேட்டு வாங்கியவை. சுவரைப் பார்த்து நிற்க இங்கே துணையில்லை. செல்வின் மஸ்கட்டில் இருக்கிறான். அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அன்று மாலை, ஊர் திரும்பும் வண்டி பாறசாலையைத் தாண்டியது. செல்வின் பெடலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தான். நான்கு வருடம் ஒரே மேடையில் வாசித்தும் சொல்லாததை, பொறாமை பாதி, பெருமை பாதியாக, அப்போது சொன்னேன்.

“நீ என்னைவிட நல்லா வாசிக்கடே.”

அவன் திரும்பவில்லை.

“தெரியும்லே. உன் வாயால வரட்டும்னுதான் இருந்தேன்.”